நான்கு மணிக்குப் பிந்தைய நேரம் யாருக்குச் சொந்தம்? பள்ளி நேர நீட்டிப்பும் தலித் குடும்பங்களும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரியின் எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது குயிலாப்பாளையம். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில்லுக்குச் செல்வோர் பலரும் இந்த ஊரின் கடைத்தெருவைக் கடந்தே போகின்றனர். தேர்வையும் சான்றிதழையும் இலக்காகக் கொள்ளாத கல்வியைத் தன் பள்ளிகள் சிலவற்றில் முயன்று பார்த்த இடம் ஆரோவில். அதே மண்ணில், அங்குள்ள வீடுகளிலும் தோட்டங்களிலும் விருந்தினர் இல்லங்களிலும் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்கு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்தான் அடுத்த படிக்கு ஏறுவதற்கான ஒரே ஏணி. அந்தச் சான்றிதழுக்காகப் பள்ளி நாள் இரு பக்கமும் நீள்கிறது. காலையில் பள்ளி மணி அடிப்பதற்கு முன்பும், மாலையில் மணி அடித்த பின்பும் சிறப்பு வகுப்புகள் நடக்கின்றன.

தமிழ்நாட்டின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் சிறப்பு வகுப்பு புதிய செய்தி அன்று. ஆனால் பள்ளி நேரத்தை முறையாகவே நீட்டிக்கலாமா என்ற விவாதம் இப்போது நமக்கு அருகிலேயே எழுந்துள்ளது. கேரள அரசு 2025 ஜூனில் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குக் காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் என வெள்ளிக்கிழமை தவிர்த்த நாட்களில் அரை மணி நேரத்தைக் கூட்டியது. மதரசா வகுப்புகள் பாதிக்கப்படும் என்று சமஸ்தா அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. அரை மணி நேரம் என்பது சிறிய மாற்றம். ஆயினும் அது ஒரு பெரிய கேள்வியைத் திறந்துவிட்டது. பள்ளி முடிந்த பின் வரும் நேரம் குழந்தைக்குச் சொந்தமா, குடும்பத்துக்கா, சமூகத்துக்கா, அரசுக்கா?

ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இக்கேள்வி புதிதன்று. தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய ஒரு போராட்டம், பள்ளி நேரத்தின் அளவை ஒட்டியே எழுந்தது.

மூன்று மணி நேரப் பள்ளியின் நினைவு

1953இல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த இராஜாஜி, ஊரகத் தொடக்கப் பள்ளிகளுக்கென மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்படி ஒரு குழந்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே பள்ளியில் இருக்கும். ஒரு பகுதி மாணவர்கள் காலையிலும், மறுபகுதியினர் பிற்பகலிலும் வருவர். எஞ்சிய நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குறைந்த கட்டடங்களையும் குறைந்த ஆசிரியர்களையும் கொண்டு கூடுதல் குழந்தைகளைச் சேர்க்க முடியும் என்பது அரசு முன்வைத்த காரணங்களுள் ஒன்று.

பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று அழைத்தனர். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பெற்றோரின் தொழில் என்பது இந்தியச் சமூகத்தில் பெற்றோரின் சாதியே. பறையடிப்பவரின் மகனும், செருப்புத் தைப்பவரின் மகளும், பண்ணையில் கூலி வேலை செய்பவரின் பிள்ளையும் பிற்பகலில் எந்தத் தொழிலைக் கற்றிருப்பார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. எதிர்ப்பு வலுத்தது, இராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது.

அந்தப் போராட்டம் நமக்கு விட்டுச்சென்ற பாடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பள்ளி நேரம் குறைந்தால், குறைந்த நேரம் விளையாட்டுக்குப் போவதில்லை. சாதி ஒதுக்கிய உழைப்புக்கே போகிறது. ஆகவே நம் மக்களிடையே, பள்ளியில் பிள்ளை எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்ற உணர்வு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதில் வரலாற்று நியாயம் உண்டு. ஆனால் காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டதோடு நின்றுவிடவில்லை. 1956இல் மதிய உணவுத் திட்டத்தை மாநில அளவில் தொடங்கியது. முழுநாள் பள்ளிக்கு முழு வயிறு வேண்டும் என்பதை அந்த அரசு உணர்ந்திருந்தது. இன்றைய நேர நீட்டிப்பு விவாதத்தில் மறக்கப்படுவது இந்த இரண்டாம் பாதிதான்.

சட்டம் எதைச் சொல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி நேரத்துக்குக் குறைந்தபட்ச அளவை வகுத்துள்ளது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள், 1,000 மணி நேரம். நாளொன்றுக்குக் கணக்கிட்டால், முதல் பிரிவுக்கு 4 மணி நேரமும் இரண்டாம் பிரிவுக்கு ஏறத்தாழ நாலரை மணி நேரமும் வரும். ஆசிரியருக்கு, பாடத் தயாரிப்பையும் சேர்த்து, வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரப் பணி என்கிறது அதே அட்டவணை.

இச்சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே பொருந்தும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து சட்டத்தின் கை விலகிவிடுகிறது. நேரம் அதிகமாக நீட்டிக்கப்படுவதோ ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான். மேலும், இந்தச் சட்டம் குறைந்தபட்சத்தை மட்டுமே வரையறுக்கிறது. அதிகபட்சம் எவ்வளவு என்று எங்கும் கூறவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையைப் பள்ளி எத்தனை மணி வரை வைத்திருக்கலாம் என்பதைப் பெரும்பாலும் தேர்ச்சி விழுக்காட்டின் அழுத்தமே தீர்மானிக்கிறது.

இன்னொரு சட்டத்தையும் இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்துவிட்டு, ஒரு விதிவிலக்கையும் அளித்தது. அபாயமற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் குழந்தை உதவலாம் என்பதே அது. 1953இன் பிற்பகல், 2016இல் மாலையாகத் திரும்பி வந்திருக்கிறது. பள்ளி மணி எப்போது அடிக்கிறது என்பதே, குழந்தையின் உழைப்பு எப்போது சட்டப்படி தொடங்கலாம் என்பதற்கும் எல்லைக்கோடாகிவிட்டது. இதனால் பள்ளி நேரம் நீள வேண்டும் என்ற வாதத்துக்கு மேலும் ஒரு காரணம் கிடைக்கிறது.

நீட்டிப்புக்கு ஆதரவான நியாயங்கள்

அந்த வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மாலையில் தனிப்பயிற்சிக்குப் போகிறது. தனி அறை, மேசை, பாடத்தில் ஐயம் கேட்கப் படித்த பெற்றோர், கட்டணம் செலுத்தப் பணம் ஆகிய நான்கும் அங்கே இருக்கின்றன. காலனியில் உள்ள ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டில் இந்த நான்கில் ஒன்றும் இல்லாமல் போகலாம். முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பை எட்டிய மாணவிக்கு, கணக்கில் எழும் ஐயத்தைத் தீர்க்கப் பள்ளி ஆசிரியரைத் தவிர வேறு யாருமில்லை. அவர் கூடுதலாக ஒரு மணி நேரம் இருந்தால், அது அவளுக்குக் கிடைக்கும் ஒரே இலவசத் தனிப்பயிற்சி.

பெற்றோரின் வேலை நேரமும் கவனிக்கத்தக்கது. கட்டட வேலைக்குப் புதுச்சேரி செல்லும் தந்தையும், வீட்டு வேலைக்குச் செல்லும் தாயும் இருட்டும் நேரத்தில் திரும்புகின்றனர். நான்கரை மணிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளை தனியே இருக்கிறது. பள்ளியிலேயே இருந்தால் பாதுகாப்பு என்று தாய் கருதுவது இயல்பு.

தலித் மக்களின் கல்வி வரலாறும் இதற்குச் சான்று. பகலில் உழைத்தவர்களுக்கு இரவுப் பள்ளிகளே எழுத்தைத் தந்தன. 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர், பாடத்தோடு தங்குமிடத்தையும் உணவையும் சேர்த்தே தந்தார். மாணவரின் முழுநாளுக்கும் பொறுப்பேற்றால்தான் கல்வி நிலைக்கும் என்பதை அவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செயலில் காட்டினார்.

ஒரு நாளின் கணக்கு

இனி, நீட்டிக்கப்பட்ட நாள் ஒரு குழந்தையின் உடலில் எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம். வானூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் காலனியிலிருந்து, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேல்நிலைப் பள்ளிக்குப் பேருந்தில் போகும் பத்தாம் வகுப்பு மாணவியை எண்ணிக்கொள்வோம். குறிப்பிட்ட யாருடைய கதையும் இதில் இல்லை. வழக்கமான நேரங்களை வரிசையாக எழுதிப் பார்க்கும் கணக்கு மட்டுமே இது.

காலைச் சிறப்பு வகுப்பு எட்டரைக்கு என்றால், அவள் ஏழரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டும். அதற்குமுன் தண்ணீர் பிடித்து, தம்பியைக் கிளப்பி, அடுப்படியில் தாய்க்கு உதவ ஐந்தரைக்கு எழ வேண்டும். மாலைச் சிறப்பு வகுப்பு ஐந்தரைக்கு முடிகிறது. அடுத்த பேருந்து ஆறு மணிக்கு. வீட்டை அடையும்போது ஏழு. பிறகு பாத்திரம், சோறு, வீட்டுப்பாடம். இரவு பத்தரைக்குத்தான் படுக்கை. தூக்கம் ஏழு மணி நேரம். வளரிளம் பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்று மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன.

உணவைப் பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984இல் 15 வயது வரையிலான மாணவர்களுக்கு நீட்டிக்கப்பட்டது. இன்றும் அது பத்தாம் வகுப்போடு முடிகிறது. அதாவது, அதிகாலையில் கிளம்பும் பத்தாம் வகுப்பு மாணவிக்குப் பள்ளியில் காலை உணவு இல்லை. பன்னிரண்டரை மணிக்குச் சத்துணவு சாப்பிட்டால், வீட்டில் அடுத்த வேளை ஏழு மணிக்கு மேல்தான். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு அந்தச் சத்துணவும் கிடையாது. பள்ளியிலேயே மிக நீண்ட நேரம் இருப்பவருக்குத்தான் மிகக் குறைந்த உணவு கிடைக்கிறது. ஆசிரியர்கள் தம் கைக்காசில் சுண்டலோ பிஸ்கட்டோ வாங்கித் தரும் பள்ளிகள் உண்டு. அவர்களின் அன்பு போற்றத்தக்கது. ஆனால் உரிமையாக வர வேண்டிய உணவு, தனிமனிதரின் கருணையாக வருவது சமூகநீதி ஆகாது.

இந்தக் கணக்கில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே விடை வராது. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்கு 289 நிமிடங்களையும், ஆண்கள் 88 நிமிடங்களையும் செலவிடுகின்றனர். பள்ளி ஒரு மணி நேரம் நீண்டால் வீட்டு வேலை ஒரு மணி நேரம் குறைவதில்லை. அது மகளின் தூக்கத்திலிருந்தோ, தாயின் ஓய்விலிருந்தோ எடுக்கப்படுகிறது. இரண்டுக்கும் வழியில்லாத வீட்டில், மகளின் படிப்பு நிற்கிறது. மாதவிடாய் நாளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருக்கும் மாணவிக்கு, தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை இல்லையென்றால், அன்று அவள் பள்ளிக்கே வரமாட்டாள். கூடுதல் நேரம் என்ற பெயரில் முழுநாளையே அவள் இழக்கிறாள்.

பள்ளிக்கும் சேரிக்கும் இடையிலுள்ள வழி

நேர நீட்டிப்பைப் பற்றிய கல்வியாளர்களின் உரையாடலில் அதிகம் பேசப்படாத ஒன்று, வீடு திரும்பும் வழி. நம் ஊர்களில் பேருந்து நிறுத்தம் பெரும்பாலும் ஊர்த்தெருவில் இருக்கிறது. காலனி அதைத் தாண்டி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஐந்து நிமிடத்தில் கடக்கும் வழி, விளக்கில்லாத இரவு ஏழு மணிக்கு வேறொன்றாகிவிடுகிறது. ஆகவே, பள்ளி எத்தனை மணிக்கு விடுகிறது என்பது தலித் மாணவரைப் பொறுத்தவரை பாதுகாப்பு தொடர்பான கேள்வியும் ஆகும்.

இதை மிகைப்படுத்தல் என்று சொல்வோருக்கு அண்மைக்கால நிகழ்வுகளே பதில். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர், உடன் பயின்ற ஆதிக்கச் சாதி மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவர் வழிமறித்து வெட்டப்பட்டார். அவருடைய கைவிரல்கள் துண்டிக்கப்பட்டன. முதல் நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அரசிடம் அளித்தது. வண்ணக் கயிறு, நெற்றிக்குறி போன்ற சாதி அடையாளங்களைத் தடை செய்வது முதல், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிச் சொற்களை நீக்குவது வரை பல பரிந்துரைகள் அதில் இருந்தன. சாதி வன்முறை வகுப்பறையில் முளைத்து, பேருந்திலும் தெருவிலும் வீட்டு வாசலிலும் வெடிக்கிறது என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. அந்த வகுப்பறையில் மேலும் இரண்டு மணி நேரத்தைச் சேர்க்கும் முன், அங்கே தலித் மாணவர் எந்த மரியாதையோடு அமர்ந்திருக்கிறார் என்று கேட்க வேண்டும்.

பிற நாடுகள் செய்தது

நேரத்தை நீட்டித்த நாடுகளின் பட்டறிவு இங்கே உதவும். தென் அமெரிக்காவின் சிலி நாடு 1997இல் முழுநாள் பள்ளி முறையைக் கொண்டுவந்தது. அதற்குமுன் பல பள்ளிகள் ஒரே கட்டடத்தில் காலை ஒரு பிரிவு, பிற்பகல் ஒரு பிரிவு என இயங்கின. நேரத்தை ஏறத்தாழ 30 விழுக்காடு கூட்டுவதற்காக அந்நாடு புதிய வகுப்பறைகளைக் கட்டியது. உணவுக்கும் வழி செய்தது. மதிப்பெண்ணில் கிடைத்த உயர்வு மிதமானதே என்று ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் ஏழைக் குடும்பங்களில் பதின்பருவத் தாய்மை குறைந்ததும், தாய்மார்கள் வேலைக்குச் செல்வது எளிதானதும் குறிப்பிடத்தக்க பயன்களாகப் பதிவாயின. ஜெர்மனியில் பெரும்பாலான பள்ளிகள் நண்பகலோடு முடிந்துவந்தன. 2000ஆம் ஆண்டின் பீசா தேர்வு முடிவுகள் அதிர்ச்சி தந்த பின், முழுநாள் பள்ளிகளை உருவாக்க 2003இல் நடுவண் அரசு 400 கோடி யூரோவை ஒதுக்கியது. மறுபக்கம், பின்லாந்து ஒப்பீட்டளவில் குறைந்த பள்ளி நேரத்துடன் அதே தேர்வில் முன்வரிசையில் நின்றது.

நேரம் தானாகவே கற்றலாக மாறுவதில்லை என்பதே இவற்றிலிருந்து தெரிவது. நேரத்தோடு பணமும் கட்டடமும் உணவும் வந்த இடங்களில் ஏழைகள் பயனடைந்தனர். நம் நாட்டில் சிறப்பு வகுப்பு பெரும்பாலும் கூடுதல் நிதியோ கூடுதல் ஆசிரியரோ இன்றி நடக்கிறது. கணித ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ள பள்ளியில் மாலை ஆறு மணி வரை மாணவரை உட்கார வைத்தாலும் கணிதம் வந்துவிடாது. அங்கே நடப்பது, வினா விடைகளைத் திரும்பத் திரும்ப எழுதவைக்கும் வேலை மட்டுமே.

முதலியார்குப்பம் காட்டிய மற்றொரு வழி

கூடுதல் நேரத்தைத் தர வேறு வழியும் உண்டு. அதற்கான எடுத்துக்காட்டு நம் மாவட்டத்திலேயே தொடங்கியது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கொரோனா கால இழப்பை ஈடுகட்ட, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அவர்கள் வாழும் குடியிருப்பிலேயே, மாலை 5 முதல் 7 மணிக்குள், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வகுப்பு நடத்துவது திட்டம். தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை.

இதன் சிறப்பு, கூடுதல் நேரம் குழந்தையைத் தேடி வந்தது என்பதில் இருக்கிறது. பேருந்து வேண்டாம்; இருட்டில் நடக்க வேண்டாம்; வீடு வந்து ஏதேனும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். காலனியிலேயே படித்த இளம்பெண் ஆசிரியராக அமரும்போது, அங்குள்ள சிறுமிக்குத் தன் எதிர்காலமும் கண்முன் தெரிகிறது. குறைகளும் உண்டு. 1,000 ரூபாய் என்பது படித்த பெண்ணின் உழைப்பை மலிவாக மதிப்பிடுவது. மையம் ஊர்த்தெருவில் அமைந்தால் சேரிப் பிள்ளைகள் அங்கே தயக்கமின்றிச் செல்ல முடியுமா என்பது ஒவ்வொரு ஊரிலும் கேட்கப்பட வேண்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூடுதல் உதவி மிகவும் தேவைப்படும் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் இத்திட்டத்தின் வரம்புக்கு வெளியே இருந்தனர்.

ஆதிதிராவிடர் நல விடுதிகளையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். உணவு, தங்குமிடம், படிப்பு நேரம் மூன்றும் ஓரிடத்தில் சேரும் அமைப்பு அரசின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. 2025 ஜூலையில் இவ்விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயரிடப்பட்டது. அந்தப் பெயருக்கு ஏற்ப ஒவ்வொரு விடுதியிலும் மாலையில் பாட ஆசிரியரும், நூலகமும், ஒளியுள்ள படிப்பறையும் இருந்தால், அங்குள்ள மாணவர்கள் இருட்டும் வரை பள்ளியில் காத்திருக்கத் தேவையில்லை.

நாம் கேட்க வேண்டியது

பள்ளி நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று நாம் கோர முடியாது. 1953இன் நினைவு அதற்கு இடம் தராது. எவ்வளவு நீட்டித்தாலும் நல்லதே என்று தலையாட்டவும் முடியாது. நீட்டிப்பின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதே நம் கேள்வியாக இருக்க வேண்டும். இப்போது அந்தச் செலவை மாணவியின் பசியும், தாயின் உழைப்பும், ஆசிரியரின் சொந்தப் பணமும் ஏற்கின்றன. அதை அரசு ஏற்க வேண்டும்.

அதற்கான கோரிக்கைகள் எளியவை. சத்துணவைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும். சிறப்பு வகுப்பு நடக்கும் பள்ளிகளில் காலை உணவும் மாலைச் சிற்றுண்டியும் அரசின் பொறுப்பாக வேண்டும். சிறப்பு வகுப்பு முடியும் நேரத்துக்கு ஏற்பப் பேருந்து இயக்கப்பட வேண்டும்; அது காலனி வரை செல்ல வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளி நேரத்தின் அதிகபட்சத்தை அரசாணை வரையறுக்க வேண்டும். மாலை நேரக் கற்றல் மையங்களைப் பத்தாம் வகுப்பு வரை விரிவாக்கி, சேரிக்குள்ளேயே, உரிய ஊதியத்துடன் நடத்த வேண்டும். கூடுதல் நேரத்தில் ஒரு பகுதியை விளையாட்டுக்கும் வாசிப்புக்கும் ஒதுக்க வேண்டும்.

இறுதிக் கோரிக்கை சிலருக்கு ஆடம்பரமாகத் தோன்றலாம். 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டபோது, அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் தேர்வு என்ற சுமை பிள்ளைகளின் தோளிலிருந்து ஓரளவு இறங்கியது. தேர்வுக்கு வெளியேயும் குழந்தைப் பருவம் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக அதைக் கொள்ளலாம். ஓய்வும் விளையாட்டும் வசதியுள்ளவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

வானூர் வட்டத்திலும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இயங்கும் மாணவர் அமைப்புகள் ஒரு பணியை உடனே தொடங்கலாம். தங்கள் பகுதியிலுள்ள ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் சிறப்பு வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எத்தனை மணிக்கு முடிகிறது, அதன்பின் காலனிக்குக் கடைசிப் பேருந்து எப்போது, இடையில் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்ற நான்கு கேள்விகளுக்கு விடை திரட்ட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் கிராம சபையிலும் அந்த விடைகளை எழுத்தில் வைக்க வேண்டும். நேர நீட்டிப்பு குறித்து நாளை அரசு எந்த முடிவை எடுத்தாலும், ஏழு மணிக்கு வீடு திரும்பும் அந்த மாணவியின் நாள் அதன் கோப்பில் இடம்பெற்றிருக்க வேண்டும்.